ஒரு ஸ்பூன் பவுடர்

எங்கள் பிரசவ வார்டில் அந்த நர்ஸுக்குப் பெயர் போலீஸ்காரம்மா. யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். பால் கட்டி அழும் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளை மார்பில் வாய் வைத்துச் சரியாக உறிஞ்சும்வரை எழுந்திருக்க மாட்டாள், சாப்பாடு ஆறிப்போகும். அதே கையால் பைகளையும் துழாவுவாள். பால்பவுடர் டப்பா கிடைத்தால் அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அன்றைக்கு வார்டே அதிரும். "பெத்த பிள்ளைக்குக் கெடுதல் பண்றியா?"

நான் அங்கே எடை பார்க்கிறவள். இப்படித் திட்டாதே என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளையும் என்ன சொல்ல? மாதா மாதம் அனுப்பும் தாளில் 'தாய்ப்பால் மட்டும்' என்ற கட்டத்தில் மேலிடத்துக்கு நூற்றுக்கு நூறு வேண்டும். பால் போதாதவள் என்ன செய்வாள் என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்குப் போன தையல்காரி ஒருத்தி பன்னிரண்டாம் நாள் எடை பார்க்க வந்தாள். தலைச்சன் பிள்ளை, பிறந்தபோது மூன்று கிலோ. இப்போது இரண்டு நானூறு. எடுத்து மறுபடி வைத்தேன். அதேதான்.

"என்னம்மா குடுக்கறே?" என்றாள் போலீஸ்காரம்மா.

"தாய்ப்பால் மட்டும்தான் சிஸ்டர்."

கூட வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா சிஸ்டர். பால் பத்தலை. யாருக்கும் தெரியாம பவுடர் கலக்கறா. ஒரு பாட்டில் தண்ணிக்கு ஒரே ஸ்பூன்!"

"மூணு போடணும்னு டப்பாலயே போட்டிருக்கே. ஏன் ஒண்ணு?" என்று தையல்காரியைக் கேட்டாள் போலீஸ்காரம்மா.

"கெடுதல்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் கொஞ்சமா போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா திட்டுவீங்க சிஸ்டர்."

போலீஸ்காரம்மா பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பிள்ளையை உடனே சேர்த்துக்கொண்டார். அவர் சொன்ன அளவுப்படி, வெந்நீர் ஆறும்வரை காத்திருந்து, ஸ்பூனைத் தலைதட்டி, தையல்காரிக்கு மூன்று முறை போட்டுக் காட்டினாள் போலீஸ்காரம்மா. பிள்ளை தேறிவிட்டது.

அலமாரிப் பூட்டையும் கழற்றிவிட்டாள். ஆனால் கெட்ட பெயர் அவ்வளவு சீக்கிரம் போகுமா? மறுவாரம் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே, ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் எதையோ தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

போலீஸ்காரம்மா அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். "திட்ட மாட்டேம்மா. பவுடர்தானே? நீ எப்படிக் கலக்கறேன்னு மட்டும் காட்டு." கெஞ்சவே செய்தாள்.

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"தாய்ப்பால் மட்டும்தான் சிஸ்டர்."