இவருக்குப் பதில் இவர்

மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த சந்தில், சாயங்காலமானால் ரசம் தாளிக்கும் வாசனையோடு எல்லா வீட்டு டிவியிலிருந்தும் ஒரே அழுகைச் சத்தம் கிளம்பும். முக்குக் கடையில் தயிர் வாங்கித் திரும்புகிறவர்கூட ஒரு வசனத்தையும் தவறவிடாமல் வீடு வந்து சேரலாம். அழுகைக்கு முந்தைய அரை மணி நேரம் என்னுடையது. தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் விண்கலத்தில் ஏறிச் சுற்றுகிற தொடர் ஒன்று அப்போது முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை "சயின்ஸ் படம்" என்று சொல்லித்தான் அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தேன்.

எது சயின்ஸ் படம், எது பேய்ப் படம் என்று தீர்ப்புச் சொல்ல மாடி வீட்டு சேகர் அண்ணன் இருந்தார். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்ததால் அவர் பேச்சுக்கு எங்கள் சந்தில் மறுபேச்சு கிடையாது. "படத்துல மிஷின் கீதுன்னா சயின்ஸ். எலுமிச்சம்பழம் கீதுன்னா பேய். அவ்ளோதான் மேட்டரு" என்பார்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா பார்த்த மெகா தொடரில் மிஷினும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. ஆனால் ஒரு நாள் அந்த வீட்டு மூத்த மகன் வேறொரு முகத்தோடு வந்து சோபாவில் உட்கார, திரையின் அடியில் "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து வந்தது. பெற்ற தாய் திடுக்கிடவில்லை. பெண்டாட்டி சாவகாசமாகக் காபியை நீட்டினாள். நான் கேட்டதற்கு, "ஆள் மாறுனா இன்னாடி, கதை அதேதானே?" என்றாள் அம்மா. விண்கலத்தில் ஆள் மாறினால் யாராவது ஒருத்தராவது கண்டுபிடித்து அலறுவார்கள். இங்கேயோ மொத்தக் குடும்பமும் உடந்தை. இதுதான் அசல் சயின்ஸ் படம் என்று நான் முடிவுகட்டினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன அப்பா அந்த வருஷம்தான் முதல் முறையாக லீவில் வந்தார். அடர்ந்த மீசையும் தொப்பையுமாகப் போனவர். வந்தவருக்கு இரண்டும் இல்லை. இட்லி என்றால் உயிரை விடுபவர், காலையில் ரொட்டி கேட்டார். பக்கத்து வீட்டு போனில் நான் கேட்டுப் பழகிய குரலாகவும் அது இல்லை. அம்மா கொஞ்சமும் அசராமல் அவருக்குக் காபியை நீட்டினாள்.

"பாப்பா, இங்க வாம்மா" என்று அவர் கையை நீட்டும்போதெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு நாள் துணிந்து, "என் கிளாஸ் மிஸ் பேரு இன்னா, சொல்லு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என் சிநேகிதி பேரும் தெரியவில்லை. மாட்டிக்கொண்டார் என்று மாடிக்கு ஓடினேன். சிரிப்பார் என்று நினைத்த சேகர் அண்ணன், "அவரு எங்க இங்க இருந்தாரு, தெரியறதுக்கு? போய் நைனா பக்கத்துல குந்து. லீவு முடிஞ்சா பூடுவாரு" என்றார். எனக்கு சேகர் அண்ணன் மேலேயே சந்தேகம் வந்தது.

நான் பக்கத்தில் வந்தால் கொடுக்கலாம் என்று அப்பா ஒரு ரோஸ் கவுனைப் பெட்டியிலேயே வைத்திருந்திருக்கிறார். கிளம்பும் நாள் நெருங்கியும் நான் வராததால் அவரே எடுத்து வந்து என் தோளில் வைத்துப் பார்த்தார். முழங்காலைத் தொடவேண்டியது தொடையோடு நின்றது, கையும் நுழையாது. அவர் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். இத்தனை நாளும் நான் அவரைப் பார்த்த அதே பார்வை. பிறகு அம்மாவிடம், "நான் வுட்டுட்டுப் போன புள்ள இது இல்லியேம்மா" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் மடியில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் சாயங்காலம் அவருக்கு பிளைட்.

இப்போது அந்தச் சந்து முழுக்க அடுக்குமாடி. அவரவர் அழுகை அவரவர் போனுக்குள். அப்பா ஒவ்வொரு லீவுக்கும் கொஞ்சம் வேறு ஆளாகவே வந்தார், பழகி முடிப்பதற்குள் போனார். கடைசியாக வந்தவர் நிரந்தரமாகத் தங்கி, பெருங்குடியில் என்னோடு இருக்கிறார். அவர் மேல் எனக்கு உயிர். ஆனாலும், முதல் தடவை விமான நிலைய வாசலில் என்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "தோ வந்துடறேன்" என்று சொல்லிப் போனாரே ஒருவர், அவர் இன்னும் வரவில்லை.