மைக்செட்காரரின் முழங்கை

மைக்செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடக்கையை மடக்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்று சுற்றாக. சுற்றுவது வலக்கை. பக்கவாதத்தில் தளர்ந்த அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் நர்ஸ் நான். முதலில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பிசையச் சொன்னேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று மூலையில் வீசிவிட்டார். பழைய வயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கை சொன்ன பேச்சைக் கேட்கிறது. வாய்தான் இன்னும் கேட்பதில்லை.

ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் மைக் வைத்தவர் அவர்தான். நகரசபைத் தலைவர், பிரசவம் பார்த்த பெரிய டாக்டர், கால்பந்தில் பேர் வாங்கியவர் என்று யார் மேடையேறினாலும் அவரவர் உயரத்துக்கு மைக்கை ஏற்றி இறக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும். பிரமுகர் நடுவில் இருப்பார். ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கும். அது இவருடையது. முகம் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு தடவையாவது வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதுவரைக்கும் முழங்கை வந்த படங்களைக் கத்தரித்து ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்தார்.

“வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி முழங்கையக் காட்டிடுவாரு சிஸ்டர்,” என்பார் அவர் மனைவி. “கல்யாணத்துக்கு முன்னாடியே காட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

“காட்டினேனே. கையப் பாத்துதான் மயங்கின.”

அந்தப் பத்திரிகை ஊரின் பழைய பிரமுகர்களைப் பற்றித் தினமும் எழுதிக்கொண்டிருந்தது. பழைய படங்கள் தேடி நிருபர் பெண் ஒருத்தி வந்தாள். பெட்டியைக் கிளறியவள் சிரித்துவிட்டாள்.

“எல்லாப் படத்துலயும் இந்தக் கை இருக்கே, யாருதுங்கய்யா?”

அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

“அப்ப நாளைக்கு உங்களப் பத்தித்தான் எழுதறேன். ஒரு படம் எடுத்துக்கலாமா?”

சலவைச் சட்டை வந்தது. காலையில் மழித்த தாடையை இன்னொரு தடவை மழிக்கச் சொன்னார். “முகம் முழுசா வரணும்மா,” என்று நிருபரிடம் சொல்லிவைத்தார். “காது ரெண்டும்.”

அவள் கேமராவைத் தூக்கினாள். அவர் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினார். படத்தில் வெறும் சுவர்தான் பதிந்தது, ஓரத்தில் முழங்கை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் முழங்கை.

“கொசு அடிக்கிறீங்களா?” என்றார் மனைவி.

“நான் நகரவே இல்லியே.”

பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல்தான் நகர்ந்தார். கேமரா எழும்பினால் மைக்செட்காரர் ஒதுங்க வேண்டும்; காலமெல்லாம் அதுதானே அவர் வேலை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்றால் ஒதுங்கின உடம்பு மட்டும் இருக்குமா? நாற்காலியில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தபடியே சாய்ந்து வெளியே போனார்.

அவர் முகம் வாடிவிட்டது. “விடும்மா. முழங்கையவே போட்டுக்க. அதுதான் எனக்கு எழுதியிருக்கு.”

நாற்காலியில் சரிகிற நோயாளியைப் பக்கத்தில் நின்று இடுப்பில் பிடித்துக்கொள்வது எங்கள் பாடத்திலேயே உண்டு. மனைவியைக் கூப்பிட்டு, அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடிக்கச் சொன்னேன்.

“இத்தனை வருஷம் புடிச்சும் நிக்காத மனுஷன், இப்பத்தான் நிக்கப் போறாராக்கும்,” என்றபடி பிடித்தார். கேமரா எழுந்தது. அவர் அந்தப் பக்கம் இழுத்தார், மனைவி இந்தப் பக்கம் இழுத்தார். படம் பதிந்துவிட்டது.

மறுநாள் காலை நான் போனபோது பத்திரிகை மேசைமேல் விரித்துக் கிடந்தது. முழு முகம், இரண்டு காதுகள். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் ஒரு முழங்கை, கொஞ்சம் வளையலுடன்.

“ஐயய்ய, என் கை. அத வெட்டிப் போடுங்க,” என்றார் மனைவி.

அவர் கத்தரியை எடுத்தார். வலக்கையில் பிடிக்கச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் மாற்றிக்கொண்டார். படத்தில் அவர் காதையொட்டி நேராக வந்த கத்தரி, மனைவியின் முழங்கைக்கு இடம்விட்டுச் சுற்றிப் போனது. வெட்டு கோணல்தான். பிடி நழுவவில்லை.

வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மைக்செட்காரர் துண்டுப் படத்தை ஜன்னல் வழியே நீட்டினார். கட்டைவிரல் அவருடைய முகத்தையே பாதி மறைத்திருந்தது.

“ஓரத்துல இருக்கற கை யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்.”