தாகக்காரி குடித்த தண்ணீர்

அரசாங்கத்தின் குழந்தைகள் நலப் பிரிவில் சேர்ந்தபோது அவளிடம் என்னவெல்லாம் கேட்டார்கள் தெரியுமா? சமூகப்பணியில் பட்டம், களத்தில் அனுபவம், வண்டி ஓட்ட உரிமம், எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் சான்று. போதாக்குறைக்கு நேர்முகத் தேர்வில் ஒருவர், "அழுத்தம் தாங்குவீங்களா?" என்று வேறு கேட்டார். தாங்குவேன் என்றாள். எந்த மாதிரி அழுத்தம் என்று அந்த மகராசனும் சொல்லவில்லை, இவளும் கேட்டு வைக்கவில்லை.

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் தாகக்காரி. எந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போனாலும் நுழைந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். எடுக்கப் போகிறவர் பின்னாலேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அதிகாரி வருகிறார் என்றால் கூடத்தைப் பளபளவென்று ஆக்கி வைப்பவர்கள்கூட அடுப்படியை மறந்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

விதிப்படி இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இரண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டு, விதியை மட்டும் சுவரில் ஒட்டி வைத்தால் ஆயிற்றா? அன்றும் தனியாகத்தான் மூன்று மாடி ஏறினாள். லிப்ட் மெக்கானிக் ஒருவரின் வீடு. மனைவி இறந்தபின் அவரும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும்தான். பிள்ளையின் கையில் காயம் என்று பள்ளியிலிருந்து புகார் வந்திருந்தது. சைக்கிளில் விழுந்துவிட்டாள் என்றார் அப்பா. "ஒண்ணும் இல்லேன்னா இன்னிக்கே முடிச்சு விட்டுடும்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று மேலாளர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். "வாங்க மேடம், உக்காருங்க" என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். அவர் அசைவதற்குள் மகள் எழுந்து ஓடினாள்.

தம்ளர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து வந்த குழந்தை, கொடுக்கும்போது ஒரு சொட்டைச் சிந்திவிட்டாள். உடனே அவள் பார்த்தது தரையை அல்ல, அப்பாவின் கையை.

"பரவால்லடா, துடைச்சிடு" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை குனிந்து பாவாடை நுனியால் துடைத்தது. முழங்காலுக்குப் பின்னால் பட்டை பட்டையாகக் கன்றிக் கிடந்தது. சைக்கிளில் விழுந்தால் முட்டி தேயும். பின்பக்கம் பெல்ட் விழுந்த மாதிரி வரி விழுமா?

ஒற்றை ஆளாகக் குழந்தையை வெளியே கூட்டிப் போக அவளுக்கு அதிகாரம் இல்லை. துணைக்கு இன்னொருவரும் போலீசும் வேண்டும். அதுவரை அவள் அங்கிருந்து எழுந்தால் போச்சு. காட்டிக் கொடுத்தாய் என்று இந்தப் பிஞ்சை அவன் என்ன செய்வானோ! அவளுக்குள் அவர் அவனாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

தனியாகப் போகும் பெண்கள் ஆபீசில் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். குடை கேட்டால் போலீசோடு வா என்று அர்த்தம். சீனியர் அக்காவை போனில் கூப்பிட்டாள். "அக்கா, நான் வந்த வீட்டுக்கு என் குடையை எடுத்துட்டு வர்றீங்களா?"

"மழையே இல்லையே மேடம்" என்றான் அவன்.

"வெயிலுக்குத்தான் சார். மண்டை பொளக்குது."

அக்கா ஊரின் மறுகோடியில் இருந்தாள். பள்ளி, பாடம், தூக்கம், சாப்பாடு என்று கேட்டதையே திருப்பிப் போட்டுக் கேட்டாள் இவள். கேள்வி தீர்ந்ததும் அவன் எழுந்தான். "எனக்கு டூட்டி இருக்கு."

"இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

பிள்ளை கொண்டுவந்தது. குடித்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி வந்தது. இப்போது தம்ளர் நிறைந்து வரவில்லை. சிந்திவிடுமோ என்று பயந்திருக்கிறது பாவம் என நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு சர்க்கரை ஏதும் இருக்கா மேடம்?"

"அதை ஏன் கேக்குறீங்க, பரம்பரை வியாதி சார்" என்று கூசாமல் புளுகினாள்.

அடிவயிறு கல்லாகி, கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவனுக்கா புரியாது? "பாத்ரூம் அதோ இருக்கு, போயிட்டு வாங்களேன்."

"வேண்டாம் சார்."

அந்த ஒரு நிமிடம் போதும் அவனுக்கு. அவன் சிரிப்பு மெல்ல வற்றியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். "வெயில் உள்ள அடிக்குது" என்றவன், மகளைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றான்.

"பாப்பா எங்கிட்ட உக்காரட்டும். ஒரே ஒரு கேள்வி பாக்கி." பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

"என்ன கேள்வி? என்னைக் கேளுங்க." அவன் நெருங்கி வந்து நின்றான்.

கதவு தட்டப்பட்டது. மறுபடி, இந்த முறை இடிக்கிற மாதிரி. "போலீஸ், திறங்க!" அவன் திறந்தான். பெண் போலீசுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற அக்கா, பதற்றத்தில் நிஜமாகவே ஒரு குடையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த வீட்டில் இன்னொரு நிமிடம் நிற்க மனமில்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வந்ததும் தாகக்காரி பாத்ரூமுக்கு ஓடின ஓட்டத்தைப் பார்த்து வாட்ச்மேன் திகைத்துப் போனார். முகம் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பெஞ்சில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தது.

"வயிறு ரொம்ப வலிச்சுதா ஆன்ட்டி?"

"லேசா. நான் பாத்ரூம் போயிருந்தா நீ தனியா மாட்டியிருப்பியே."

"தெரியும்" என்றது பிள்ளை. "நிறைய குடிச்சா நீங்க எழுந்து போயிடுவீங்கல்ல? அதான் கொறச்சுக் கொறச்சு ஊத்தினேன்."