காலியாகக் கொடுத்த டப்பா

எனக்குப் பிள்ளை பிறந்தபோது பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா பூண்டுக் குழம்பு கொண்டுவந்த டப்பா, மூன்று மாதமாக என் சமையலறையிலேயே இருந்தது.

காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதல்லவா? எதையாவது செய்து போட்டுக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன்.

தோழிகளின் வாட்சப்பும் பதில் போடாமல் அப்படியேதான் கிடக்கிறது. யாரையும் பிடிக்காமல் இல்லை. போய்ப் பேச வேண்டும் என்ற ஆசைதான் வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை அவரே கதவைத் தட்டினார்.

"இன்னும் ஒண்ணும் செய்யலக்கா," என்றேன்.

"டப்பாவக் குடுலா! பாசாருக்குப் போறேன், மீன் வாங்கணும். ஒன் பலகாரத்துக்குக் காத்திருந்தா பிள்ள ஸ்கூலுக்கே போயிரும்!"

சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று!

"ஒங்க வீட்டுக்கு வரவே மனசு வரலக்கா," என்று உண்மையைச் சொன்னேன்.

"நீ வர வேணாம். நான் வரேன். நீ கதவ மட்டும் தொற."

ஒரு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மீனை மறந்தே போனார்; போகும்போது காலி டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் அழாமல் இருந்த ஒரு மணி நேரம் அது. நன்றிக்கா.

சாயங்காலம் அதே டப்பா, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் நிறைய, திரும்பி வந்துவிட்டது.

இதை எப்போது கொடுப்பேனோ! உங்கள் வீட்டில் யாருடைய டப்பா இருக்கிறது?