எவாஞ்சலின் வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு

எவாஞ்சலினுக்கு நாற்பத்தொரு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். கடைசி ஆறு வருஷமாகச் சோதனை மேசையில். தப்பாக மாட்டிய கிளிப்போ, நுனி நீண்ட வயரோ அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை அறைகளில்தான் குடித்தனம். ஐந்து இடம் மாறியாயிற்று. எல்லா இடத்திலும் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். போன தை மாதம்தான் சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையையொட்டி, சொந்தமாகக் கட்டிய இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

கணவன் ரிச்சர்ட் கம்பெனி பஸ் டிரைவர். மகள் பெனிட்டா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மூவரும் வீட்டுக்கு வருவது மூன்று நேரத்தில். இருந்த இரண்டு சாவியில் ஒன்று சித்திரையில் தொலைந்தது. மற்றது ஒரு மத்தியானம் ரிச்சர்ட்டின் சட்டைப்பையோடு பஸ் ஏறிப் போய்விட்டது. முதல் ஷிப்ட் முடித்து வந்த எவாஞ்சலின் வாசற்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பையில் இருந்த பால் திரிந்தது.

ரிச்சர்ட் ஓடிவந்து கதவைத் திறந்தபோது அவள் திட்டவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் போனில் பூட்டுகளைப் பார்த்துத் தீர்த்திருந்தாள்.

"சொந்த வூடு கட்டிட்டு வெளியில குந்திகினு இருக்கேன். இனிமே சாவியே வாணாம்ங்க. விரல் வெச்சா தொறக்குதாமே, அந்தப் பூட்டு வாங்கலாம்" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மூவரும் நேராக ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்குப் போனார்கள். சுவரில் வரிசையாகப் பூட்டுகள். கடைக்காரர் ஹேமந்த் ஒவ்வொன்றாக ஒளிர வைத்துக் காட்டினார். முகத்தைப் பார்த்தே திறக்கிற பெரிய பூட்டு ஒன்று, முழங்கை நீளக் கைப்பிடியோடு நடுவில் இருந்தது. ஹேமந்த் பெனிட்டாவின் முகத்தை அதில் பதிந்து காட்டினார். அவள் மறுபடி அதன் முன்னால் போய் நின்றதும் "டிங்" என்று திறந்தது.

"ம்மா, இதான்! இதையே எடுத்துரலாம்மா!"

ரிச்சர்ட்டுக்கும் அதன்மேல்தான் கண். எவாஞ்சலின் தன் ரேகையைப் பதிய, விரல் வைக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு.

"வயர் வேலையா அக்கா?" என்று கேட்டார் ஹேமந்த். "ரேகை தேஞ்சிருக்கும். இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான். கவலைப்படாதீங்க, நம்பர் போட்டும் தொறக்கலாம்."

"கம்பெனி அட்டெண்டன்ஸ் மிஷினும் என்னைச் சேத்துக்காது தம்பி. நோட்டுல கையெழுத்துதான்" என்றாள் அவள். பிறகு சோதனை மேசையில் நிற்பவளாகவே ஆகிவிட்டாள். "பேட்டரி தீந்துபோச்சுன்னா இன்னா பண்றது?"

"ஒரு மாசம் முன்னாடியே சத்தம் போடும்க்கா."

"அந்தச் சத்தத்தையும் கவனிக்காம விட்டுட்டா?"

ஹேமந்த் சிரித்துக்கொண்டே ஒரு சின்னச் சதுர பேட்டரியை எடுத்துப் பூட்டின் அடியில் இருந்த இரண்டு புள்ளிகளில் வைத்துக் காட்டினார். விளக்கு எரிந்தது. "நீயே வெச்சுக் காட்டினா எப்படி? குடு" என்று அவளும் வாங்கி வைத்துப் பார்த்தாள். மழைச்சாரல் பட்டால் என்ன ஆகும், கரண்ட் போனால் என்ன ஆகும், உள்ளே இருந்து குழந்தையால்கூடத் திறக்க முடியுமா என்று அவள் கேட்கக் கேட்க, பக்கத்தில் வேறு பூட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இவர்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

கடைசியில் பெரிய பூட்டின் அளவுத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பெனிட்டாவின் முகம் வாடியது. "இன்னைக்கே வாங்கலாம்னுதானம்மா வந்தோம்?"

"வாங்கலாம்டி. நம்ம கதவுல உக்காருதான்னு பாத்துட்டு வாங்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியை வெட்டி, அதே உயரம், அதே பருமனில் ஒரு பொய்ப் பூட்டு செய்து மரக்கதவில் ஒட்டினாள். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கேட் உண்டு. ரிச்சர்ட் கேட்டைச் சாத்தினார். அட்டைக் கைப்பிடி கம்பியில் இடித்து நசுங்கியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெனிட்டாதான் முதலில் சிரித்தாள். "கேட்டைச் சாத்தவே முடியாம போயிருக்கும்மா!"

"உங்கம்மா கண்ணுல எதுவும் தப்பாது" என்று ரிச்சர்ட் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மெல்லிய பூட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கைப்பிடி தட்டையானது. விரல், எண், அட்டை மூன்றாலும் திறக்கும். அவசரத்துக்குப் பூட்டின் மூடிக்குள் மறைவாக ஒரு சாவித்துளையும் உண்டு. இந்தப் பூட்டுக்கும் அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்து ஒட்டி, கேட்டைச் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

ஹேமந்தே வந்து மாட்டினார். துளை போடும் சத்தம் கேட்டு எதிர் வீட்டு ரத்னா வாசலுக்கு வந்துவிட்டாள். ரிச்சர்ட்டின் விரல் பதிந்தது; பெனிட்டாவின் விரலும் பதிந்தது. எவாஞ்சலின் எண்ணை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நகர்ந்தாள்.

"பத்து விரலும் இருக்குல்லக்கா? ஒவ்வொண்ணா வைங்க" என்றார் ஹேமந்த்.

வலது கையில் ஐந்தும் சிவப்பு. இடது கட்டைவிரல் சிவப்பு, ஆள்காட்டி சிவப்பு, நடுவிரல் சிவப்பு. மோதிர விரலை வைத்தாள். பச்சை.

"ஏறிடுச்சு! ஏங்க, ஏறிடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து குரைத்தது. ஹேமந்த் அதே விரலை இன்னொரு முறையும் பதிய வைத்தார். பெனிட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவள் கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கேட்டைத் தள்ளி, இடது மோதிர விரலை வைத்தாள். சின்னதாக ஒரு இசை; கதவு திறந்தது. உள்ளே போனவள் கதவைச் சாத்திவிட்டு உடனே வெளியே வந்தாள். கதவு தானே பூட்டிக்கொண்டது. மறுபடியும் விரல் வைத்தாள். மறுபடியும் இசை.

மூன்றாவது முறை வெளியே வந்தபோது எதிர் வீட்டிலிருந்து ரத்னா கேட்டாள்: "இன்னா எவா, உள்ள போறியா, வெளிய போறியா?"

"ரெண்டும்தான்க்கா! நீ வந்து பாரேன்!" என்று சொல்லிவிட்டு எவாஞ்சலின் நான்காவது முறையாகக் கதவைத் திறந்தாள்.