அவசரத்துக்கு ஆருக்கு ஃபோன் அடிக்கிறது?

ஆத்தில ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற தொழிலில தண்ணியால வாற கரைச்சல் கொஞ்சம், சனத்தால வாறதுதான் மிச்சம் முழுக்க. கடையில நிக்கிறவை, மினிகாப் ஓடுறவை, டொக்டரின்ர ரிசப்ஷனில இருக்கிறவை, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் இருக்கிறது லண்டனில, மோர்டன் பக்கம், ஒரு அறையில. வேலை ஒரு சின்னக் கொம்பனியில. வருசத்தில ரெண்டு சீசன் லண்டனில இருக்கிற எங்கட சனத்தை நேபாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், காத்தடிச்ச ரப்பர் வள்ளத்தில ஏத்தி, ஆறு நாள் காட்டாத்து வழி இறக்கி, பொழுதுபட மணலில கூடாரம் அடிச்சுப் படுக்கவைச்சு, திரும்ப ஹீத்ரோவில கொண்டுவந்து விடுறது. பதினெட்டு வருசத்தில ஒருத்தரையும் தொலைக்கேல்லை.

இந்தமுறை மாட்டுப்பட்டது நான்தான். வாற ஆக்கள் எல்லாரும் ஒரு ஃபோர்ம் நிரப்ப வேணும். ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்கிறது எண்டு அதில ஒரு பெட்டி இருக்கு. எனக்கும் அதே ஃபோர்ம்தான். இவ்வளவு காலமும் கனடாவில இருந்த என்ர அக்கான்ர பேரைப் போட்டுவந்தனான். போன மாசியில அக்கா செத்துப்போனா. வெள்ளிக்கிழமைக்கு முதல் வேற பேர் குடுக்காட்டி இன்சூரன்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லாட்டி எனக்கு ஆறும் இல்லை. கலியாணம் கட்டேல்லையோ எண்டு கேப்பியள். பேசிவந்த ரெண்டு இடமும் "ஆத்தில என்ன உத்தியோகம்?" எண்டு கேட்டுப்போட்டுப் போனதுதான்.

அதால இந்தக் கிழமை முழுக்க எனக்கு ஃபோர்ம் ஞாபகமாவே கிடக்கு.

மாமி

பயணத்துக்கு முதல் மோர்டனில ஒரு ஹோல் வாடகைக்கு எடுத்து எல்லாரையும் கூப்பிட்டு ஃபோர்மைக் குடுக்கிறது வழக்கம். போன கூட்டத்துக்கு ஹரோவில இருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்திருந்தினம். அவர் பெட்டியில மனிசியின்ர பேரைப் போட்டார். மனிசி அவரின்ரயைப் போட்டா. "ரெண்டு பேரும் ஒரே வள்ளத்தில, ஒண்டாத் தண்ணிக்குள்ள கிடந்தால் ஃபோனை ஆர் எடுக்கிறது?" எண்டு கேட்டன். அப்பதான் அவைக்கு விசயம் ஓடிச்சுது.

அண்ணனைப் போடேலாது, காணி விசயத்தில கதைபேச்சு இல்லை. கூட்டாளியைப் போடேலாது, ஃபோனை வைக்க முதல் ஃபேஸ்புக்கில போட்டிடுவான். மச்சாள் நைட் ஷிப்ட், எடுக்க மாட்டா. அரை மணித்தியாலம் பேர் பேராத் தட்டிக்கொண்டு இருந்தினம், எனக்குக் கேக்கக் கேக்க எரிச்சல் வந்தது. எரிச்சல் என்ன, பொறாமைதான். கடைசியா மனிசி தன்ர தாயைப் போடுவம் எண்டா. அவர் ஃபோர்மைக் கையால பொத்திக்கொண்டு என்னைப் பாத்தார்: "அண்ணை, மாமி வேண்டாம். சுகமா வந்து சேந்திட்டம் எண்டு சொன்னாலே அழுதுபோட்டுத்தான் மிச்சத்தைக் கேப்பா."

வலி

பயம் பிடிச்சால் எங்கட ஆக்களுக்கு இங்கிலீஷ் மறந்துபோம். அதால நான் வள்ளத்தில தமிழிலதான் சத்தம் போடுறது. துடுப்புப் போடுறதை நாங்கள் வலிக்கிறது எண்டுதான் சொல்லுவம். உடம்பு நொந்தால் நோகுது எண்டுவம். ரெண்டும் வேற வேற, ஒரு குழப்பமும் இல்லை, ஈஸ்ட்ஹாமில இருந்து ஒரு சென்னைத் தம்பி வந்து ஏறும்வரைக்கும்.

மூண்டாம் நாள், ஆறு கல்லுகளுக்குள்ளால பாஞ்சு இறங்கிற ஒரு இடம். கல்லில முட்டப் போறம். நான் பின்னால இருந்து "வலி, வலி, வலி!" எண்டு தொண்டை கிழியக் கத்துறன். எல்லாரும் வலிக்கினம். தம்பி மட்டும் துடுப்பை மடியில வைச்சுப்போட்டு, நல்ல பிள்ளை, முகமெல்லாம் கவலையோட திரும்பி "எங்க சார் வலி?" எண்டு கேக்குது. வள்ளம் ரெண்டு சுத்துச் சுத்தி, கவிழாமல் கரை சேந்தது எங்கட நல்ல காலம்.

அண்டு பின்னேரம் தம்பி மணலில இருந்து தோளைப் பிடிச்சுக்கொண்டு "வலிக்குதுங்க, ரொம்ப வலிக்குது" எண்டு முனகினான். ஆர்ச்வேயில இருந்து வாற சியாமளா, என்னோட அவவுக்கு அது மூண்டாவது பயணம், தேத்தண்ணியோட அவனைக் கடந்துபோனவ நிண்டு பாத்தா: "தம்பி, ஆத்துக்குள்ள வலிக்கச் சொல்ல வலிக்கேல்லை, இப்ப மணலில இருந்து என்னத்தை வலிக்கிறீர்?"

எப்ப?

ஆறு நாள் ஒரே சட்டியில சோறு திண்டு, ஆரின்ர குறட்டை எது எண்டுகூடத் தெரியிற அளவுக்கு ஒண்டா இருப்பம். ஹீத்ரோவில பெட்டி வாற பெல்ட்டடியில கட்டிப்பிடிப்பினம். "வீட்டை கட்டாயம் வரவேணும்" எண்டுவினம். பிறகு வட்ஸப் குறூப்பில ரெண்டு கிழமை படம் வரும். மூண்டாம் கிழமை ஆரோ ஒராள் கார் விக்கப் போடுவார். அதுக்குப்பிறகு ஒரு சத்தமும் இல்லை. அறைக்கு வந்து கேத்திலைப் போட்டுவிட்டு நிக்கேக்க அந்தக் குறட்டையைக்கூட மனம் தேடும். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேரண்டு, என்ர வள்ளத்தில வந்த ஒருத்தர் குடும்பத்தோட நிண்டார். கிட்டப் போய்ச் சிரிச்சன். ஆள் யோசிச்சு, பிறகு "ஐயோ அண்ணை, ஹெல்மெட் இல்லாமல் பிடிபடேல்லை" எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டார். வழக்கம்போல "ஒருநாளைக்கு வீட்டை வாங்கோவன்" எண்டார். அண்டைக்கு எனக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது, "எப்ப?" எண்டு கேட்டுப்போட்டன். லண்டனுக்கு வந்து முப்பது வருசம், அப்பிடிக் கேக்கக்கூடாது எண்டு தெரியாமல் இல்லை. மனிசிக்காரி அவரைப் பாத்தா, அவர் தேரைப் பாத்தார். பிறகு பாவம், சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார்: "என்னண்ணை, வாங்கோ எண்டு சொன்னால் எப்ப எண்டு கேக்கிறியள்?"

ஒஃபிஸ் நம்பர்

வியாழக்கிழமை காலமை வரை என்ர பெட்டி வெறுமையா இருந்தது. ஒஃபிஸில ஃபோர்ம் பாக்கிற பிள்ளை இங்க பிறந்தவள், தமிழ் அரைவாசிதான். ஆனாலும் வாய்க்கு வாய் அண்ணா எண்டுவாள். ஆர் எண்டாலும் பரவாயில்லை, ஃபோன் எடுக்கிற ஒரு ஆள் இருந்தாக் காணும் எண்டாள். நான் கெட்டித்தனமா, அப்ப கொம்பனி நம்பரைப் போடும் எண்டன்.

அவள் சிரிக்கவும் இல்லை. பரிதாபமாப் பாத்தாள், அதுதான் எனக்குக் குத்தினது. "அண்ணா, அஞ்சு மணிக்குப் பிறகு அந்தக் கோல்ஸ் எல்லாம் உங்கட மொபைலுக்குத்தானே வருது."

தங்கச்சி

அண்டைக்கு மத்தியானம் துணிஞ்சு சியாமளாவுக்கு எடுத்தன். நம்பர் அவவின்ர ஃபோர்மிலயே இருந்தது. மழையைப் பற்றிக் கதைச்சு, ட்ரெயின் ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கதைச்சு, பிறகு ஒரே மூச்சில, என்ர ஃபோர்மில உங்கட பேரைப் போடட்டோ எண்டு கேட்டன். அவ யோசிக்கவே இல்லை. "இதுக்கென்ன, தாராளமாப் போடுங்கோ" எண்டா. உறவு எண்ட இடத்தில என்ன எழுத எண்டு கேட்டன். "தங்கச்சி எண்டு எழுதுங்கோ. மூண்டுதரம் உங்களை நம்பி ஏறினனான், வேற என்னெண்டு எழுதுறது?"

அக்கா போனதுக்குப் பிறகு அப்பதான் கண் கலங்கினது. நன்றி எண்டு சொல்லி ஃபோனை வைக்கப் போறன், மற்றப்பக்கம் அவ கதையைக் கொஞ்சம் இழுக்கிறா:

"கோவிக்காதேங்கோ அண்ணை. அவங்கள் எடுத்து இன்னாருக்கு இப்பிடியாம் எண்டு சொன்னால் எனக்கு விளங்க வேணுமெல்லே. உங்கட பேரென்ன?"

ஆக, பதினெட்டு வருசம் ஆத்தில கிடந்து உழைச்சதில ஐம்பத்தாறு வயசில எனக்கொரு தங்கச்சி கிடைச்சா, அவவுக்கு என்ர பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் குடுக்கிற வேலையும் சேத்துக் கிடைச்சுது.