படகு பரீட்சை எழுதவில்லை

நடந்தவை, வரிசையாக:

1. ஊடகவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே சரியாகத் தெரியாத நான், அதற்கு டியூஷன் எடுக்க ஒப்புக்கொண்டேன்.
2. 'டிஜிட்டல் ஊடகமும் அடையாளமும்' என்ற தாளுக்கு நான்கு பக்கக் குறிப்பு தயாரித்து, ஆறு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.
3. மாதிரித் தேர்வில் ஆறு பேரும் தங்களைப் பெண் பார்க்க வந்ததாக எழுதினார்கள். ஆறில் நால்வர் ஆண்கள்.
4. காசிமேட்டின் விசைப்படகு ஒன்றுக்கு வயது இருபத்திரண்டு என்று தெரியவந்தது.
5. அந்தப் படகின் பதிவு எண் பல்கலைக்கழக விடைத்தாளில் ஏறியது.
6. ஒரு மாணவியின் தேர்வு முடிவை நிறுத்தி வைத்தார்கள்.

வரிசையில் பிழை இல்லை. காரணங்கள்தான் இல்லை.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். வாரத்தில் ஆறு நாள் மணலியில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தம், வெப்பம் அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கிறேன். கருவி காட்டும் எண் உண்மையான எண்தானா என்று பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூரில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் உள்ள டியூஷன் சென்டரில் கணக்குப் பாடம் எடுப்பேன். மண்டிக்கும் சென்டருக்கும் ஒரே முதலாளி. தென்காசிப் பக்கத்துக்காரர். ஜனவரியில் அவர் ஆறு கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்து என் முன் நிறுத்தினார். ஆறு பேருக்கும் அந்த ஒரு தாளில் அரியர். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

"டிஜிட்டல்னுதான போட்டிருக்கு? நீங்க இன்ஜினியர்லா?" என்றார்.

அந்த வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை.

பாடப்புத்தகத்தை ஒரு வாரம் படித்தேன். மனிதருக்கு மேடையில் ஒரு முகம், மேடைக்குப் பின்னால் ஒரு முகம். இணையத்தில் இன்னும் பல முகங்கள். இவையெல்லாம் சேர்ந்ததே அடையாளம். ஒரு கருவி இரண்டு இடத்தில் இரண்டு அளவு காட்டினால் நாங்கள் அதைப் பழுது என்று எழுதி ஓரமாக வைப்போம். இவர்கள் அதற்குப் பதினைந்து மதிப்பெண் தருகிறார்கள். சரி, அவரவர் துறை.

பழைய வினாத்தாள்களைப் பார்த்ததில் ஒரு கேள்வி ஒவ்வொரு முறையும் வந்திருந்தது: சமூக ஊடகத்தில் அடையாளம் எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது என்பதைச் சொந்த அனுபவத்துடன் விளக்குக. இதற்கு எட்டு பாயின்ட் எழுதினேன். ஐந்தாவது பாயின்ட், சொந்த அனுபவம். மாதிரிக்கு இருக்கட்டும் என்று என்னுடையதைப் போட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார், திருமணத் தளத்தில் நீலப் பட்டுச் சேலையில் இருந்த என்னைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். வருகிற வழியில், காரிலேயே, பாதுகாப்புத் தலைக்கவசத்தோடு குழாய் மேல் உட்கார்ந்து டீ குடிக்கும் என்னை வேறொரு பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடவில்லை. ஐந்தே வரி. நல்ல எடுத்துக்காட்டு என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச்சில் மாதிரித் தேர்வு வைத்தேன். விடைத்தாள்களை வீட்டில் திருத்த உட்கார்ந்தபோது, முதல் தாளில் என் கதை இருந்தது. இரண்டாவதிலும். ஆறிலும் மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மாதவரத்தில் டிரெய்லர் லாரிகளுக்கு டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவரின் மகன், மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறவன், தன்னைப் பெண் பார்க்க வந்ததை உருக்கமாக எழுதியிருந்தான். காப்பி அடித்தது தெரியக்கூடாது என்று சேலையின் நிறத்தை மட்டும் ரோஸாக மாற்றியிருந்தான்.

அடுத்த ஞாயிறு கேட்டேன். அவனுக்குத்தான் ஆச்சரியம்.

"மிஸ், நீங்கதான பாயின்ட்டுனு எழுதினீங்கோ? பாயின்ட்ட மாத்தினா மார்க்கு போய்டும்ல?"

ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு பாயின்ட் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் யாரும் கொண்டுவரவில்லை. இந்த ஆறில் எனக்குக் கவலை ஒருத்தியைப் பற்றி. ராயபுரத்துப் பெண். அப்பா காசிமேட்டில் விசைப்படகின் டிரைவர். மற்ற தாள்கள் எல்லாவற்றையும் முதல் முறையிலேயே முடித்தவள். இதில் மட்டும் இரண்டு முறை விழுந்திருக்கிறாள், இரண்டு முறையும் அந்தப் பதினைந்து மார்க் கேள்வியை எழுதாமலே விட்டு. எழும்பூரில் ஒரு விளம்பர நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பாஸானதற்குக் காகிதம் வேண்டும், ஜூலை முடியும் வரை இடம் இருக்கும். அதற்குள் வராவிட்டால் மாமாவின் ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதப் போக வேண்டியதுதான். ஏன் அந்தக் கேள்வியை விட்டாய் என்று கேட்டதற்கு, "என் பேர்ல ஐடியே இல்ல மிஸ். போட்டோ போடக்கூடாதுனு வூட்ல ஸ்ட்ரிக்டு. இல்லாதத எப்டி எழுதறது?" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் பட்டறைக்காரர் மகன் ஒரு பாயின்ட் கொண்டுவந்தான். காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறதாம். படகே பேசுவதுபோல எழுதுவார்களாம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகளெல்லாம் கரையில் கிடந்த நேரம். அன்று காலை வந்ததைப் படித்துக் காட்டினான்: "ரெண்டு மாசம் சும்மாதான் நிக்கிறேன் மாமு. ஒடம்பெல்லாம் பெயின்ட் அடிச்சிகினு கீறானுங்க. கூச்சமா கீது." எல்லோரும் சிரித்தார்கள். ராயபுரத்துப் பெண் மட்டும் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எழுதற அண்ணனுக்கு எப்டியும் நாப்பது வயசு இருக்கும் மிஸ்," என்றான் அவன். "அடிபட்ட ஆளு. எழுத்துலயே தெரியுது."

"இருவத்திரண்டு," என்றாள் அவள், திரும்பாமலே.

"ஒனக்கு எப்டி தெரியும்?"

"என் ஆதார்ல போட்டுகீது."

கீழே ஒரு கன்டெய்னர் லாரி போனது. எங்கள் வெள்ளைப் பலகை வழக்கம்போல ஆடி நின்றது. அவன் முகம் மெல்ல மாறியது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: போன வருடம் காதல் முறிந்தபோது, அவன் அந்தப் படகுக்குத் தனியாக நீளநீளமாக எழுதிப் புலம்பியிருக்கிறான். படகும் பொறுமையாகப் பதில் போட்டிருக்கிறது.

"அப்போ அந்த மேட்டரு…"

"யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கும் தப்பு ஒன் மேலதான்."

அன்று பாடம் நடக்கவில்லை. அவன் மண்டிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவளுடைய பெயரும் படமும் இல்லாத பக்கம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயம் முழுவதும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறது. அதை எழுதச் சொன்னேன். படகைப் பற்றி எழுதினால் பாஸ் போடுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். பாதுகாப்புக்கு என் கதையையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள் என்றேன்.

"வேணாம் மிஸ். எனக்கு அந்த நீலமே புடிக்கல."

அப்படியானால் விவரங்கள் குறிப்பாக இருக்கட்டும், 'ஒரு படகு' என்று எழுதாதே, எந்தப் படகு என்று எழுது என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான். கூடவே தேர்வு நாளுக்கான பட்டியலும் கொடுத்தேன், பதினொரு வரி. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்பது வரை.

மே மாதம் தேர்வு. கேள்வி வந்தது. வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். மூன்றரைப் பக்கம் எழுதியதாகச் சொன்னாள். நீங்கள் சொன்னபடி குறிப்பாக எழுதினேன், படகின் பக்கவாட்டில் இருக்கிற பதிவு எண்ணைக்கூடப் போட்டேன் என்றாள்.

நான் பாராட்டினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள்: எழுதியவரை அடையாளம் காட்டும் பெயர், எண், குறி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, இருந்தால் முறைகேடு. அடையாளத்தைப் பற்றிய பரீட்சைக்கும் அதே விதிதான். என் பதினொரு வரியில் பாட்டில் மூடி இருந்தது. இது இல்லை.

ஜூன் கடைசியில், தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு, முடிவு வந்தது. அவள் எண்ணுக்கு எதிரே 'நிறுத்தி வைப்பு'. கல்லூரித் தேர்வுப் பிரிவில் விசாரணை. நான் விடுப்புப் போட்டுக் கூடப் போனேன். பட்டறைக்காரர் மகனும் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். செய்த பிழையை எப்படிச் சொல்வது என்று நான் ஆறு வரியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

உள்ளே மூன்று பேர். திருத்துபவருக்கு ஏதாவது சைகையா, அந்த எண் யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள்.

"படகோடது சார். படகு பரீட்சை எழுதல."

அப்படியானால் இந்தப் படகுப் பக்கத்தை எழுதுகிறவள் நீதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி. அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை, படம் இல்லை. இரண்டு வருடமாக அவளே கவனமாகத் தவிர்த்து வந்தது. மூவரில் ஒருவர், இப்போதே எங்கள் முன்னால் ஏதாவது போடு என்றிருக்கிறார்.

பெஞ்சில் என் பக்கத்திலிருந்தவனின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் என்னிடம் நீட்டினான்.

"நைனா கடல்ல கீறாரு மாமு. நான் மட்டும் காலேஜ்ல மாட்டிகினேன்."

உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு யாரோ இருமியது. அரை மணி நேரம் கழித்து, விளக்கக் கடிதம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். முடிவை எப்போது வெளியிடுவார்கள் என்று சொல்லவில்லை. மூவரும் பேருந்தில் திரும்பினோம். அவன் போனில் அந்தப் பதிவுக்கு ஓர் இதயம் போட்டுவிட்டு, அவள் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, எடுத்துவிட்டான்.

இப்போதைய நிலை: ஜூலை இரண்டாம் வாரத்தில் அவள் முடிவு வந்தது. நாற்பத்தெட்டு மதிப்பெண், பாஸ். எழும்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பட்டறைக்காரர் மகன் தேர்வில் ரோஸ் சேலையையே எழுதி அறுபத்தொன்று வாங்கினான். மற்ற நால்வரில் மூவர் பாஸ். படகின் பக்கத்தை எவனோ காசிமேட்டுப் பையன் நடத்துகிறான் என்றுதான் அவள் அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் தேர்வு நாள் பட்டியலில் பன்னிரண்டு வரி இருக்கிறது.